அக்டோபரில் திறக்காத அட்டை

செதுக்கிய மர அட்டை போட்ட புத்தகம் கைக்கு வந்தால் எல்லாரும் முதலில் தடவித்தான் பார்க்கிறார்கள். கொடியைத் தடவுகிறார்கள், யாளியின் பல்லைத் தடவுகிறார்கள், "அடேயப்பா" என்று சொல்லி மேசையில் வைத்துவிடுகிறார்கள். திறந்து பார்ப்பவர் அபூர்வம். செய்பவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் சிற்பத்துக்கு மூன்று வாரம், கீலுக்கு ஒரு சாயங்காலம் என்று வேலை பிரிகிறது. கல்யாண வரவேற்புப் புத்தகமோ, திருமுறைத் தொகுப்போ, ஓய்வுபெறும் தலைமையாசிரியருக்கான வாழ்த்து மலரோ, எதுவானாலும் கதை ஒன்றுதான். கொடுக்கும் நாளில் பட்டுப்போலத் திறக்கும். இங்கே மலேசியாவில் அக்டோபர் மழை மூன்று நாலு வாரம் கொட்டித் தீர்த்ததும் பாதியில் இறுகும். வலுவில் இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், ஒரு கணு கையோடு வந்துவிடும்.

கணு என்று நான் சொல்வது, இரண்டு பலகைகளின் விளிம்பிலும் விரல் விரலாக நீட்டிக்கொண்டு ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் உருளைத் துண்டுகளை. அவற்றின் நடுவே ஓடும் கம்பி, முளை. மர அட்டை இறுகிவிட்டால் வழக்கமாக மூன்று காரணம் சொல்வார்கள்: மரம் காயவில்லை, முளை தடிமன், பசை உள்ளே வழிந்துவிட்டது. மூன்றும் நடக்கக்கூடியவைதான், மறுக்கவில்லை. ஆனால் நன்றாகக் காய்ந்த தேக்கில், வழவழப்பான பித்தளைக் கம்பி போட்டு, ஒரு சொட்டுப் பசை சிந்தாமல் செய்த அட்டையும் அதே அக்டோபரில் அதே மாதிரிதான் இறுகுகிறது. அப்படியானால் கோளாறு கீலில் இல்லை. பலகையை எந்தத் திசையில் அறுத்தோம் என்பதில் இருக்கிறது.

எதற்கு இந்த வம்பு, ஹார்ட்வேர் கடையில் எங்செல் என்று மலாயில் கேட்டால் நீளப் பித்தளைக் கீல் கொடுப்பார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அது வேலை செய்யும், பல வருஷம் உழைக்கும். ஆனால் 10 மி.மீ. பலகையின் விளிம்பில் திருகு பிடிக்க இடம் குறைவு, செதுக்கிய மரத்துக்குப் பக்கத்தில் அது அலமாரிக் கதவு மாதிரிதான் தெரியும். தோல் முதுகு அழகு, ஆனால் இந்த ஊர்க் காற்றில் ஒரு மாதம் அலமாரிக்குள் பூட்டி வைத்தால் பூசணம் பூத்துவிடும். மரக்கீல் என்று முடிவு செய்தவர்களுக்காகத்தான் மீதி.

1.6 மில்லிமீட்டர்

ஏ5 தாள் உள்ள புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். தாள்கட்டு 210க்கு 148, தடிமன் 25 மி.மீ. அட்டை மேலும் கீழும் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் உயரம் 216. பலகைத் தடிமன் 10. உயரமான பொருளுக்கு நார் உயரவாக்கில் ஓடவேண்டும் என்பது தச்சு வேலையில் ஊறிப்போன பழக்கம். கதவுச் சட்டம், மேசைக்கால் எல்லாம் அப்படித்தான். அட்டையிலும் அதையே செய்தால், 24 மி.மீ. உயரமுள்ள ஒவ்வொரு கணுவிலும் நார் முளைக்கு இணையாக ஓடும். கணுவைப் பலகையோடு பிடித்து வைத்திருப்பது பக்கத்துப் பக்கத்து நார்களுக்கு இடையிலான ஒட்டு மட்டுமே. பிஸ்கட்டின் ஓரத்தை உடைப்பது போல அது கழன்று வரும். அந்த 'டிக்' சத்தம் இதுதான்.

ஒன்றிரண்டு முறை உடைந்த பிறகு கைதேர்ந்தவர்கள் அட்டையின் நாரைப் படுக்கவாக்கில் திருப்பிவிடுகிறார்கள். சரியான முடிவு. கணு இப்போது பலகையிலிருந்து நீண்ட நாராகவே வெளியே வருகிறது, உடையாது. ஆனால் முதுகுப் பலகையை மட்டும் பழையபடி நிற்கவைத்தே அறுக்கிறார்கள். 45 மி.மீ. அகலமும் 216 உயரமும் உள்ள பட்டையை யாராவது குறுக்கு நாரில் அறுப்பார்களா, முறுக்கு மாதிரி ஒடியுமே என்ற பயம். பயமும் சரிதான். ஆனால் இறுகுதல் ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வெளிக்காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அந்தக் காற்றில் கிடக்கும் மரம் தன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாள் முழுக்க ஏர்கோன் ஓடும் அறையில் அதே மரம் 11, 12க்கு இறங்கும். வித்தியாசம் 4 என்று வையுங்கள். தேக்கு, ஈரம் 1 விழுக்காடு கூடினால் நாருக்குக் குறுக்கே சுமார் 0.19 விழுக்காடு அகலும். நார்வாக்கில் அசையவே அசையாது என்று சொல்லிவிடலாம், அவ்வளவு குறைவு. படுக்கை நார் அட்டை 216 மி.மீ. உயரத்தில் 1.6 மி.மீ. வளர்கிறது. நிற்கும் நார் முதுகு வளரவில்லை. நடுவிலிருந்து கணக்கிட்டால் இரு முனைகளிலும் 0.8 மி.மீ. பிசகு. கணுக்களுக்கு இடையே நாம் விட்ட இடைவெளி 0.3. இதில் முளையை மெழுகிட்டாலும் சரி, மந்திரித்தாலும் சரி, முனைக் கணுக்கள் ஒன்றையொன்று நெரிக்கத்தான் செய்யும். இடைவெளியை 1 மி.மீ. ஆக்கினால் தப்பிக்கலாம்தான், அப்புறம் அட்டை ஆடும் பல் மாதிரி ஆடும்.

தேக்கே இப்படியென்றால் மற்ற மரங்களைச் சொல்ல வேண்டாம். அசைவு குறைந்த மரங்களின் வரிசையில் முன்னால் நிற்பது அது.

ரேஹால் சொல்லும் பதில்

இந்தச் சிக்கலுக்கு விடை நம் கண்ணெதிரே மடங்கிக் கிடக்கிறது. ஜார்ஜ்டவுன் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலோ கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவோ, எந்தப் பள்ளிவாசலிலும் குர்ஆனைத் தாங்கி நிற்கும் ரேஹாலை நினைத்துப் பாருங்கள். ஒரே பலகை. ஆணி கிடையாது, பசை கிடையாது, பழைய முறையில் செய்ததில் முளைகூடக் கிடையாது. பலகையின் நடுவே இரு முகங்களிலிருந்தும் கணுக்களை அரைவட்டமாகக் குடைந்து, பிறகு மெல்லிய ரம்பத்தால் தடிமனை இரண்டாகப் பிளந்துகொண்டு கீல்வரை வருகிறார்கள். விரித்தால் எக்ஸ் வடிவம், மடக்கினால் மறுபடி பலகை. எத்தனை மழைக்காலம் பார்த்தாலும் அது இறுகிக்கொண்டு நிற்பதில்லை.

காரணம் கைத்திறன் என்று நினைத்தால் பாதி தவறு. ரேஹாலில் நார் பலகையின் நீளவாக்கில் ஓடுகிறது, கீல் அதற்குக் குறுக்கே விழுகிறது. ஆகவே எல்லாக் கணுவும் நீள நார். அதைவிட முக்கியமானது, இரண்டு இதழ்களும் ஒரே பலகை, ஒரே வளையங்கள். ஒன்று அகன்றால் மற்றதும் அதே அளவு அகல்கிறது. மரம் அசையாமல் இருக்கவேண்டும் என்று அது கேட்கவே இல்லை. சேர்ந்து அசைந்தால் போதும் என்கிறது. புத்தக அட்டை செய்பவர்கள் கீலைக் கதவிலிருந்தும் பெட்டியிலிருந்தும் கற்றுக்கொண்டுவிட்டோம். படிப்பதற்கென்றே செய்த பொருள் பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லை.

அதை அட்டைக்குக் கொண்டு வந்தால் முன்அட்டை, முதுகு, பின்அட்டை மூன்றையும் ஒரே பலகையில் வரிசையாக அறுக்க வேண்டும், மூன்றிலும் நார் படுக்கைவாக்கில். குறுக்கு நார் முதுகு ஒடியுமே என்ற பயத்துக்கு வழி, அதை முழுப் பட்டையாக வைக்காததுதான். கைக்கடிகாரச் சங்கிலியில் இருப்பது போலத் தனித்தனி இணைப்புகளாக வெட்டி, இரு பக்க முளைகளிலும் கோத்துவிடலாம். ஒவ்வொரு இணைப்பிலும் நார் 45 மி.மீ. நீளத்தில் ஓடும், ஒடியாது. இணைப்புகளுக்கு நடுவே தாள்கட்டின் முதுகு தெரியும். அதைக் குறையாக நினைக்காமல் நல்ல நூலில், நல்ல நிறத்தில் தைத்துவிட்டால் அதுவே ஒரு அழகு.

மரம்

ஜெலுத்தோங் செதுக்க வெண்ணெய் மாதிரி. பென்சிலுக்குப் பயன்படும் மரமாயிற்றே. ஆனால் 10 மி.மீ. கணுவில் 3 மி.மீ. துளை போனால் சுவர் 3.5தான் மிச்சம். அந்தச் சுவரில் ஜெலுத்தோங்கின் பால்குழாய்ப் பிளவு ஒன்று குறுக்கிட்டால் கதை முடிந்தது. செங்கால் எதிர்முனை: நூறாண்டு நிற்கும், திரங்கானு சிற்பிகளின் மரம், ஆனால் எடை. இந்த அளவில் ஒரு பலகை தேக்கில் சுமார் 230 கிராம், ஜெலுத்தோங்கில் 160, செங்காலில் 330க்கு மேல். இரண்டு செங்கால் அட்டையோடு புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்க முடியாது. மெர்பாவில் ஈரக்கை பட்டால் பழுப்புச் சாயம் இறங்கி முதல் பக்கத்தில் கறை விழும். ரப்பர் மரத்தை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அது வருத்தம். தோட்டத்தில் பால்வெட்டி முடிந்த மரம் 25, 30 வயதில் சாய்க்கப்பட்டு நாற்காலியாகிறது. அதன் நார் நடுத்தரம், கணு நன்றாக நிற்கும். ஒரே நிபந்தனை, தளவாடத் தொழிற்சாலையில் போரான் ஏற்றிய துண்டாக இருக்கவேண்டும். பச்சை ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், துளைப் பூச்சியும் நீலப் பூசணமும் விருந்துக்கு வந்துவிடும்.

எந்த மரமானாலும், பலகையின் முனையில் வளையங்கள் நெட்டுக்குத்தாக நிற்கும் அறுப்பாகப் பார்த்து எடுங்கள். தேக்கில் அப்படி அறுத்த பலகையின் அசைவு ஏறக்குறைய பாதிதான்: 1.6க்குப் பதில் 0.9. அவ்வளவு அகலத்தில் கிடைக்காவிட்டால் 72 மி.மீ. பட்டை மூன்றை ஒட்டிக்கொள்ளலாம்.

துளையை முதலில் முடி

கணுக்களை வெட்டி முடித்துவிட்டு அப்புறம் துளை போடுவது பெரிய தவறு. 3 மி.மீ. சாதாரண டிரில் அலகின் நீளமே 61 மி.மீ., அதில் முறுக்கு உள்ள பகுதி 33. நீள அலகு வாங்கினால் அது மரத்தின் பேச்சைக் கேட்கும், நம் பேச்சைக் கேட்காது. நார் சாய்ந்த பக்கம் சாய்ந்து, 216 மி.மீ. கடப்பதற்குள் பக்கவாட்டில் வெளியே எட்டிப் பார்க்கும். பென்சிலுக்குள் கரித்தண்டை எப்படி நேராக வைக்கிறார்கள்? துளைப்பதில்லை. பலகையில் பள்ளம் வெட்டி, மூடி ஒட்டிவிடுகிறார்கள். இங்கேயும் அதுதான் வழி.

400 மி.மீ. நீளப் பலகையிலிருந்து மூன்று துண்டு: 162, 45, 162. ஒவ்வொன்றிலும் வெளிமுகம் எது, தலை எது என்று பென்சிலால் குறித்துவிடுங்கள், இனி கடைசிவரை அந்தக் குறிதான் துணை. 3 மி.மீ. வெட்டு அகலமுள்ள வட்ட ரம்பத்தில், விளிம்பின் தடிமனுக்கு நடுவில், 6.5 மி.மீ. ஆழப் பள்ளம் ஓட்ட வேண்டும். அட்டைகளுக்கு ஒரு விளிம்பு, முதுகுக்கு இரண்டு. நாலு வெட்டுக்கும் தடுப்புக்கட்டையை அசைக்கவே கூடாது, எல்லாத் துண்டுகளின் வெளிமுகமும் அதன் மேல்தான் சாய வேண்டும். அப்படிச் செய்தால் பள்ளம் நடுவிலிருந்து கால் மி.மீ. விலகியிருந்தாலும் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் விலகியிருக்கும், முளை நேராகப் போகும். தடுப்பை ஒருமுறை நகர்த்திவிட்டுத் திரும்ப வைத்தவர்களின் அட்டைகளில்தான் படி தட்டுகிறது.

மெழுகுவர்த்தி தேய்த்த 3 மி.மீ. கம்பியைப் பள்ளத்தின் அடியில் படுக்கவைத்து, மேலே 3க்கு 3.5 மி.மீ. மரப்பட்டையை வெள்ளைப் பசையால் ஒட்டி இறுக்குங்கள். பசை முழுக்க இறுகுமுன், இருபது இருபத்தைந்து நிமிஷத்தில், கம்பியைத் திருகி உருவிவிட வேண்டும். டீ குடிக்கப் போய் மறந்தால் கம்பியும் அட்டையும் ஒரே பிறவி. பட்டையின் நார் அட்டைக்குக் குறுக்காக ஓடுவதால் அப்படியே மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். ஓரிரு நாளில் கணு வெட்டிவிட்டால் துண்டு துண்டாகி, இழுவிசை தீர்ந்துவிடும்.

அடுத்தது விளிம்பை உருட்டுவது. 5 மி.மீ. ஆர ரவுட்டர் அலகை இரு முகத்திலிருந்தும் ஓட்டினால் முழு அரைவட்டம் கிடைக்கும். இது முனைநார், அதாவது நார்கள் வெட்டுப்பட்டு நிற்கும் விளிம்பு, அலகு வெளியேறும் மூலை சிதறும். ஒரு கழிவுக் கட்டையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்க மூலையைச் சதுரமாக விட்டால் பார்க்கச் சீராக இருக்கும் என்று சிலர் விடுவார்கள். அந்தக் கீல் 180 டிகிரியில் நின்றுவிடும். புத்தகத்தை நடுவில் விரிக்க அது போதும். முதல் பக்கத்தைத் திறக்கும்போது நிலைமை வேறு: முதுகு பின்அட்டை மேல் செங்குத்தாக நிற்கிறது, முன்அட்டை அரைவட்டம் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் படுக்க வேண்டும், அதாவது முதுகோடு 90லிருந்து 270 வரை. சதுர மூலை வழிமறித்தால் அட்டை முதுகையும் சேர்த்துப் பெயர்க்கப் பார்க்கும்.

216 மி.மீ. உயரத்தை ஒன்பதாகப் பிரித்தால் 24. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது அட்டையின் கணுக்கள். மற்ற நான்கும் பள்ளம், ஆழம் 10.5: முளை மையம் வரை 5, இணைப்பின் ஆரம் 5, அரை மி.மீ. மூச்சுவிட. முதுகுத் துண்டிலிருந்து நான்கு இணைப்புகளை 23.4 மி.மீ. உயரத்தில் வெட்டினால் பக்கத்துக்கு 0.3 கிடைக்கும். அளக்கக் கருவி வேண்டாம், சாதாரண ஏ4 தாள் மூன்று சேர்ந்தால் 0.3 மி.மீ. அந்த மூன்று தாளும் இடைவெளியில் உரசாமல் போய் வர வேண்டும். இணைப்பின் இரு முளை மையங்களுக்கு நடுவே 35 மி.மீ.: தாள்கட்டு 25, அட்டையின் பாதித் தடிமன் இரண்டு சேர்ந்து 10. வேறு தடிமன் புத்தகமானால் இந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். தாள்கட்டை அழுத்தி அளக்காதீர்கள். தைத்த பிறகு சும்மா வைத்து அளங்கள், தையல் நூலே 2 மி.மீ. சேர்த்துவிடும்.

நாராசம்

ஓலைச்சுவடிக் காலத்தில் ஏடுகளுக்கு மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, ஒரு துளையில் கயிறும் மற்றதில் ஓர் உலோகக் கம்பியும் கோப்பார்கள். அந்தக் கம்பிக்குப் பெயர் நாராசம். இப்போது அந்தச் சொல் காதுக்குக் கொடுமையான சத்தத்துக்கு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. மெழுகில்லாத மரக்கீலைத் திறந்து பார்த்தால் இரண்டு பொருளும் ஒருசேர விளங்கும்.

முளைக்குப் பித்தளைக் கம்பி நல்லது. இரும்பு வேண்டாம், மரத்தின் துவர்ப்பும் நம் ஈரமும் சேர்ந்து துளையைச் சுற்றிக் கருத்துவிடும். மரமோ புல்லோதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு சத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சி இருக்கிறது, விளையாட்டாகச் சொல்லவில்லை. மூங்கில் நீளவாக்கில் நல்ல பலம். ஆனால் ஒரு கட்டில் 2.5 மி.மீ. குச்சியும் கிடக்கும் 3.2 மி.மீ. குச்சியும் கிடக்கும், தடித்ததை எடுத்து, இரும்புத் தகட்டில் 3 மி.மீ. துளை போட்டு அதன் வழியே தட்டி இறக்கினால் சீராகும்.

முளையின் நீளம் 208 போதும். இரு முனையிலும் 3 மி.மீ. மர அடைப்பு, இடையே பக்கத்துக்கு 1 மி.மீ. வெற்றிடம். முழு 216க்கும் கம்பி போட்டால் ஏர்கோன் அறையில் மரம் சுருங்கும்போது கம்பி வெளியே தலைநீட்டி அடைப்பைத் தள்ளிவிடும். கம்பியை எந்தக் கணுவிலும் ஒட்டவேண்டாம். தேன்மெழுகோ மெழுகுவர்த்தியோ தேய்த்துவிடுங்கள். சமையல் எண்ணெய் விடுவது பெரிய பாவம்: தூசி சேரும், சிக்கு நாற்றம் அடிக்கும், பக்கங்களில் ஊறும்.

தாள்கட்டைப் பின்அட்டையோடு மட்டும் இணைக்க வேண்டும். முதுகு இணைப்புகளில் ஒட்டினால் புத்தகம் வாயைத் திறக்காது, முன்அட்டையிலும் சேர்த்து ஒட்டினால் ஒவ்வொரு திறப்பிலும் கீல்தான் அந்த இழுப்பைத் தாங்கும். மூன்று நாடாக்களின் மேல் தைத்து, பின்அட்டையின் உள்முகத்தில் 1 மி.மீ. ஆழமும் 25 மி.மீ. நீளமும் உள்ள பள்ளங்களில் நாடா நுனிகளை ஒட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூங்கில் ஆப்பு. முளை மையத்துக்கும் தாள்கட்டின் முதுகுக்கும் நடுவே 6 மி.மீ. விடுங்கள். உள்தாளைப் பலகை முழுக்க ஒட்டிவிடாதீர்கள், அசையும் மரத்தின் மேல் அது சுருங்கிக் கசங்கும். கீலோரம் விரலகலத்துக்கு ஒட்டினால் போதும். மாவுப் பசையும் வேண்டாம், கரப்பானுக்குப் பந்தி வைத்தது போலாகும்.

சிற்பம் இரண்டு தவணையில்

நார் படுத்திருப்பதால் உளியின் வேலை மாறுகிறது. குத்துவிளக்கு போல நெட்டையான உருவம் நாருக்குக் குறுக்கே நிற்கும், அதன் மெல்லிய தண்டு பொரிந்து போகும். படர்கொடி, அலை, அன்ன வரிசை என்று பக்கவாட்டில் ஓடும் உருவங்கள் இந்தப் பலகைக்கு இயல்பு. தமிழ் எழுத்து வெட்டுவதானால் ப, ட போன்றவற்றின் நேர்க்கோடுகளை முதலில் குறுக்கே குத்தி நிறுத்திவிட்டு, பிறகுதான் படுக்கைக் கோடுகளைத் தள்ள வேண்டும். மாற்றிச் செய்தால் உளி கோட்டைத் தாண்டி அடுத்த எழுத்துவரை உரித்துக்கொண்டு போகும். ஆழம் 3 மி.மீ.யைத் தாண்டவேண்டாம், கணுப் பள்ளத்திலிருந்து 15 மி.மீ. வெறுமையாக விடுங்கள்.

ஒரு முகத்தை மட்டும் குடையும்போது பலகை வளையும். செதுக்கிய பக்கம் காற்றுக்கு அதிகப் பரப்பைக் காட்டுகிறது, ஈரத்தை வேகமாக விடுகிறது, வாங்குகிறது. அதனால் பலகை 12 மி.மீ. ஆக இருக்கும்போதே, கீல் வேலைக்கு முன்பே, முக்கால்வாசிச் சிற்பத்தை முடித்துவிடுவது நல்லது. இரண்டு வாரம் குச்சிகளின் மேல் நிறுத்தி வையுங்கள், வளைவதெல்லாம் வளையட்டும். பிறகு உள்முகத்தை இழைப்புளியால் 10க்கு இறக்கிச் சமன் செய்து, மூன்று துண்டாக அறுத்து, பள்ளத்துக்குப் போகலாம். மிச்சச் செதுக்கல் கீல் முடிந்த பிறகு, பூச்சு கடைசியில், இரு முகத்துக்கும் ஒரே அளவு. உள்முகம் தெரியாதுதானே என்று விட்ட அட்டைகள்தான் ஒரு வருஷத்தில் அப்பளம் மாதிரி நெளிகின்றன. கணுக்களுக்குள் வார்னிஷ் போகக் கூடாது, அங்கே மெழுகு மட்டும்.

முடிந்த அட்டையைத் தாள்கட்டில் இணைக்குமுன் ஒரு சோதனை. முன்அட்டையை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். நான்கு இணைப்புகளும் பின்அட்டையும் தம் எடையிலேயே சரிந்து தொங்க வேண்டும், எங்கும் தயங்கக் கூடாது. தயங்கினால் எந்தக் கணு என்று பார்த்து, அதன் பக்கத்தில் பென்சில் கரி தேய்த்து மறுபடி ஆட்டுங்கள். கரி பளபளக்கும் இடத்தில்தான் உரசல், அங்கே அரத்தால் இரண்டு இழுப்பு. இதை மழை ஓய்ந்த வெயில் நாளில் செய்யாமல், ஜன்னலைத் திறந்துபோட்டு, நாலு நாள் மழையில் ஊறிய அட்டையில் செய்யுங்கள்.